ஒரு வாரம்தான் லீவு: வெள்ளைவால் கொம்பனுக்காக எந்த வாரத்தை எடுப்பது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளைவால் மானுக்கான வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரைக்கும் போகிறது. ஏறத்தாழ மூன்றரை மாதம். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அதில் கிடைப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அந்த வாரத்தை எங்கே வைப்பது என்பதில் வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். சீசன் திறக்கிற முதல் வாரம்தான் என்று ஒரு கட்சி. நவம்பர் 7 தொடங்கி வரும் ‘ரட்’ வாரத்தை, அதாவது மான்கள் இணைசேரும் வாரத்தை, விட்டால் மற்றதெல்லாம் வீண் என்று இன்னொரு கட்சி. நவம்பர் கடைசி வாக்கில் தேங்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி வரும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசனே போதும் என்கிறவர்களும் உண்டு, எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு டிசம்பர் பனியில் உட்காருகிறவர்களும் உண்டு. நான் மேடிசனுக்கு மேற்கே, குன்றும் பள்ளமுமாகக் கிடக்கும் டிரிஃப்ட்லெஸ் பகுதியில் இந்த நாலிலும் பரணில் உட்கார்ந்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்டோபர் 29 முதல் நவம்பர் 5 வரை. அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இந்த மானின் வருஷம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். முதுமலையில் புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், ஓர் ஆணுக்குக் கொம்பு முற்றியிருக்கும், பக்கத்தில் நிற்பதற்கு அப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும். வடக்கு அமெரிக்காவின் வெள்ளைவால் மான் அப்படி இல்லை. ஏப்ரல் வாக்கில் எல்லா ஆணுக்கும் கொம்பு முளைக்கும், கோடை முழுக்க வெல்வெட் தோலுக்குள் வளரும், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும், டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் கொம்பு விழுந்துவிடும். இதையெல்லாம் நடத்துவது பகலின் நீளம். பகல் சுருங்கச் சுருங்க ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. அதனால்தான் ரட் என்கிற இணைசேரும் பருவம் இங்கே எந்த வருஷமும் நவம்பர் நடுவில்தான் உச்சத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 200 நாள், எனவே குட்டி மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் விழும். முந்திப் பிறந்தால் குளிரில் சாகும், பிந்திப் பிறந்தால் அடுத்த குளிருக்குள் தேறாது. அந்த நெருக்கடி இல்லாத தெற்கில் கணக்கே வேறு. தென் டெக்சாஸில் ரட் டிசம்பர் நடுவில், அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரியில், ஃபுளோரிடாவின் தென்முனையில் ஜூலை, ஆகஸ்டிலேயே. ஆகவே நான் சொல்லும் தேதிகளை விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டியாளர் செப்டம்பர். இந்தக் கட்சியின் வாதம் வலுவானது. கோடையில் ஆண் மான்கள் நாலைந்தாகச் சேர்ந்து திரியும், பகலெல்லாம் நிழலில் படுத்திருந்துவிட்டு மாலையில் அதே வழியாக அதே சோயா வயலுக்கு வரும். தூரத்தில் காரை நிறுத்தி மூன்று நாள் பைனாகுலரில் பார்த்தால் நாலாவது நாள் அது எந்த மூலையில் வெளியே வரும் என்று சொல்லிவிடலாம். வயதான கொம்பன் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு ஒழுங்காக நடப்பது அதற்கப்புறம் வருஷத்தில் கிடையாது.

ஆனால் இந்த ஒழுங்கு சீக்கிரம் உடைந்துவிடும். வெல்வெட் உரிந்ததும் ஆண்களுக்குள் பொறுமை போய்விடும், கூட்டம் கலையும், ஜூலையில் நீங்கள் காட்டில் கட்டிவைத்த கேமராவில் தினமும் விழுந்த மான் அக்டோபரில் ஒரு மைல் தள்ளி வேறொரு மேட்டில் குடியிருக்கும். இலை மஞ்சளாகத் தொடங்கிய சோயாவை மான் திரும்பிப் பார்க்காது. அப்புறம் காற்று. ஒரு செப்டம்பர் மாலை, காற்று மேற்கிலிருந்து என் முகத்தில் அடிக்கிறது, எல்லாம் சரியென்று நினைத்து வயலோர வால்நட் மரத்தில் ஏறி உட்கார்ந்தேன். வெயில் இறங்கியதும் காற்று நின்றது. குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் வழிவது போல மெதுவாக இறங்கத் தொடங்கியது, என் வாடையையும் அள்ளிக்கொண்டு, சரியாக மான்கள் படுத்திருந்த பள்ளத்துக்குள். உள்ளேயிருந்து பெட்டை மான் ஒன்று மூக்கால் ஊதியது, பிளாஸ்டிக் பையை வெடித்தது போல. இன்னொரு தடவை. அப்புறம் வெள்ளை வால்கள் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் தெரிந்தது. அந்த ஆண் மான் அந்த மாதம் பகலில் மறுபடி வயலுக்கு வரவில்லை. காலையில் வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே போகும், மாலையில் கீழே இறங்கும். மேட்டு நிலத்தில் வேட்டையாடுகிறவர் மான் தடத்தைப் படிப்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும்.

செப்டம்பருக்கு நான் லீவு போடாததற்கு இன்னொரு எளிய காரணம். அந்த மாதம் காலை நேரம் உதவாது. இருட்டில் நீங்கள் நடந்து போகும்போது மான்கள் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும், போகிற வழியிலேயே கலைத்துவிடுவீர்கள். மாலை மட்டும்தான் நல்லது. செப்டம்பர் நடுவில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் விழுகிறது. நாலு மணிக்கு வேலையிலிருந்து கிளம்பினால் போதும், லீவே வேண்டாம்.

அக்டோபர் நடுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் ‘அக்டோபர் மந்தம்’ என்று புலம்புவார்கள். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு மந்தம் தெரியவில்லை, மானின் நடை மாதம் போகப் போகக் கூடத்தான் செய்கிறது. அது வயலை விட்டு ஓக் காட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது விழுகிற வரை சிவப்பு ஓக்கை மான் அவ்வளவாகச் சீண்டாது. வயலோரப் பரணிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மந்தமாகத்தான் தெரியும். நிலா கணக்கு பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதே பட்டைகள் காட்டுவது, மான் நடமாடுவது விடியற்காலைக் கருக்கலிலும் அந்தியிலும்தான், நிலா அதை அவ்வளவாக அசைப்பதில்லை.

இப்போது என் வாரம். அக்டோபர் கடைசியில் ஆண் மானுக்கு எல்லாம் தயார், கழுத்து பெருத்துவிட்டது, ஆனால் பெட்டைகளில் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. இந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. அது தன் இடத்தை விட்டு இன்னும் தூரமாக ஓடவில்லை, அதே சமயம் படுக்கையில் இருக்கவும் முடியவில்லை. தனக்குத் தெரிந்த எல்லைக்குள்ளேயே, தரையைப் பிராண்டி வைத்த இடங்களையும் பெட்டைகள் படுக்கும் இடங்களையும் சுற்றிச் சுற்றி வருகிறது. இங்கே ‘ஸ்கிரேப்’ என்பார்கள், தாழ்ந்த கிளைக்குக் கீழே சருகை விலக்கி மண் தெரியப் பிராண்டிய இடம்.

ஒரு நவம்பர் 2 காலை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, பரணில் பதினெட்டு அடி உயரத்தில் இருக்கிறேன். ஏழேகால் மணிக்கு இரண்டரை வயது ஆண் ஒன்று மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே வந்தது. ஸ்கிரேப்புக்கு மேலே தொங்கிய ஓக் கிளையின் நுனியை வாயில் வைத்து மென்றது, கண்ணோரத்தையும் நெற்றியையும் அதில் தேய்த்தது, பிறகு முன்காலால் நாலு பிராண்டு. கடைசியில் பின்னங்கால்களைச் சேர்த்துக் குறுக்கிக்கொண்டு, கணுக்காலின் உள்பக்கம் கறுத்துப்போயிருந்த மயிர்க்கற்றை நனைய சிறுநீர் விட்டது. அந்த நெடி என் பரணுக்கே வந்தது. இளசு என்பதால் விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது வேறு. கழுத்து தோளோடு ஒன்றாகியிருந்த பெரிய கொம்பன், அது ஸ்கிரேப்புக்கு வரவே இல்லை. முப்பது கஜம் தள்ளி, காற்று ஸ்கிரேப்பிலிருந்து தன் மூக்குக்கு வரும் பக்கமாகவே நடந்தது, ஒரு விநாடி தலையைத் தூக்கி முகர்ந்தது, யார் வந்து போனார்கள் என்று தெரிந்துகொண்டது, போய்விட்டது. என் பரண் ஸ்கிரேப்பைப் பார்த்தபடி இருந்தது, அதன் நடைபாதையைப் பார்த்தபடி இல்லை. அன்றைக்கு மதியமே பரணைக் கழற்றி, காற்று ஸ்கிரேப்பைத் தாண்டிப் போகும் பக்கமாக நாற்பது அடி நகர்த்தினேன். மூன்றாம் நாள் காலை அதே மான் பதினெட்டு கஜத்தில் வந்தது. அம்பு பட்டு எழுபது கஜத்துக்குள் விழுந்தது.

ஸ்கிரேப்புக்கு மான் வருவது பெரும்பாலும் இரவில்தான், அதை மறுக்க மாட்டேன். பகலில் வரும் கொஞ்ச நடையும் இந்த எட்டு நாளில்தான் அதிகம் என்பதால்தான் இந்த வாரம். வயலோர ஸ்கிரேப்பை விட்டுவிடுங்கள், அது ராத்திரிக் கடை. காட்டுக்குள்ளே, படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

அடுத்தது பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுக்கும் வாரம், நவம்பர் 7 முதல் 14 வரை. பரபரப்புக்கு இதற்கு ஈடில்லை. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆண் மான் வாயைத் திறந்துகொண்டு பெட்டையைத் துரத்தும், கோடையெல்லாம் நீங்கள் பார்த்தேயிராத மான் திடீரென்று வரும். ஆண் மான்கள் இந்த நாட்களில் தங்கள் எல்லையைத் தாண்டி ஒரு மைல், இரண்டு மைல் என்று போய்விட்டு ஒரு நாளுக்குள் திரும்புவதைப் பட்டை கட்டிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சிக்கலும் அதிலேதான் இருக்கிறது. நீங்கள் ஆகஸ்டிலிருந்து பின்தொடர்ந்த மான் அந்த வாரம் அடுத்தவர் நிலத்தில் இருக்கலாம். பெட்டை பருவத்தில் இருப்பது 24 முதல் 36 மணி நேரம்தான். அதைக் கண்டுபிடித்த ஆண் பக்கத்திலேயே நின்றுவிடும், ஒரு புதருக்குள்ளோ ஓடைக்கரையிலோ இரண்டு பேரும் அசையாமல் கிடப்பார்கள். பெரிய கொம்பன்கள் ஒன்றை முடித்து அடுத்ததைத் தேடும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வெளியே தெரியும். அது எந்த மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகையால் விடியல் முதல் இருட்டும் வரை பரணை விட்டு இறங்காமல் உட்கார வேண்டும்.

இருந்தாலும் ஒரு விதமான வேட்டைக்காரருக்கு இந்த வாரத்தையே சொல்வேன். பொது நிலத்தில், அதுவும் முதன்முறையாகப் போகிறவருக்கு. அவருக்கு எந்த ஆண் மானின் படுக்கையும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. வரைபடத்தைப் பார்த்து இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வான கழுத்தையோ, இரண்டு காட்டை இணைக்கும் குறுகலான மரவரிசையையோ பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் போதும். நிலம் தெரிந்தவருக்கு முந்தின வாரம், தெரியாதவருக்கு இந்த வாரம்.

துப்பாக்கி சீசன் தேங்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்குகிறது. உச்சம் தாண்டியிருக்கும், ஆனாலும் தனியாகத் திரிகிற ஆண் மான் இன்னும் இருக்கும். நவம்பர் பிற்பாதியைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஜேம்ஸ் ஜோர்டன் விஸ்கான்சின் டேன்பரி அருகே சுட்டது 1914 நவம்பர் 20, கொம்பை அளந்து மதிப்பெண் போடும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் கணக்கில் 206 1/8. அதைத் தாண்டி ‘டிபிக்கல்’ எனும் சீரான கொம்பு வகையில் உலக சாதனையான மைலோ ஹான்சனின் மான், கனடாவின் சஸ்காச்சுவானில், 1993 நவம்பர் 23, 213 5/8. ஆனால் இங்கே ஒன்பது நாளில் விழும் மொத்த மானில் ஏறத்தாழ பாதி முதல் சனி ஞாயிறிலேயே விழுந்துவிடுகிறது. காடு முழுக்க ஆரஞ்சு, பிங்க் பாதுகாப்பு உடை போட்ட வேட்டைக்காரர்கள் நடமாடத் தொடங்கியதும் மீதி மான்கள் யாரும் போகாத மூலைக்குள் புகுந்துகொள்ளும், சாலையோரத்துச் சின்னப் புதர்கூட அதற்குப் போதும். அந்த இரண்டு நாளும் எப்படியும் விடுமுறை நாள். லீவை இதற்குச் செலவழிக்காதீர்கள். குடும்பத்தோடு, நண்பர்களோடு போங்கள், பெட்டை மான் அனுமதிச்சீட்டு இருந்தால் குளிர்காலத்துக்கு இறைச்சியாகும். தெற்கு விஸ்கான்சினில் சுடுகிறவர்கள் எந்த மாதமானாலும் சாப்பிடுவதற்கு முன்னால் சிடபிள்யூடி (மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நோய்) சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். 2002இல் இந்த மாநிலத்தில் அந்த நோய் தெரியவந்தது, வயதான ஆண் மான்களில்தான் அதிகம், நாம் தேடிப்போகிற கொம்பனே அதுதான். முடிவு வரும் வரை இறைச்சி ஃபிரீசரில் இருக்கட்டும். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

டிசம்பர் எனக்குப் பிடித்த மாதம், ஆனால் அது கையில் தீனி உள்ளவரின் மாதம். ரட்டில் ஆண் மான் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு, கால் பங்குகூட இழந்துவிடும். வேறு வழியில்லாமல் சாப்பிட வரும். வெட்டாமல் விட்ட மக்காச்சோளமோ சோயாவோ பக்கத்தில் இருந்து, மூன்று நாள் கடுங்குளிரும் பனியும் விழுந்தால், அடி வாங்கிப் பதுங்கிய கொம்பன்கூட வெளிச்சம் இருக்கும்போதே மாலையில் வரும். நவம்பரில் சேராத பெட்டைகளும், நன்றாக வளர்ந்த இளம் பெட்டைக் குட்டிகளும் இந்த மாதத்தில் பருவத்துக்கு வருவதால் சின்னதாக இரண்டாவது ரட்டும் உண்டு. தீனி இல்லாத காட்டில் டிசம்பரில் உட்காருவது குளிரில் விறைப்பதற்குத்தான். வடக்கே போகப் போக நிலைமை இன்னும் கடினம், பனி ஆழமானதும் மான்கள் பல மைல் நடந்து சீடர், ஹெம்லாக் காட்டுக்குள் கூட்டமாக ஒதுங்கிவிடும், நவம்பரில் மான் இருந்த காடு வெறுமையாகக் கிடக்கும்.

என் வாரத்துக்கு ஒரே எதிரி வெயில். குளிர்கால ரோமம் போட்ட மானுக்கு நவம்பர் தொடக்கத்தில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 21 செல்சியஸ்) வந்தால் பகலில் எழுந்திருக்க மனசு வராது. அப்படி வந்தால் மாலையை விட்டுவிட்டு விடியற்காலையை மட்டும் பிடியுங்கள், முடிந்தால் லீவை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட இடம் வைத்து எழுதிக் கொடுங்கள். கோடை நேரம் முடிவதால் நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதையும் மறக்காதீர்கள், அதன்பிறகு ஐந்து மணிக்குள் சூரியன் விழுந்துவிடும், வேலை முடிந்து போவது நடக்காது. நான் இந்த வருஷமும் 29இலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்கிரேப்புக்கு மேலே தொங்கிய அந்த ஓக் கிளை போன மார்ச்சில் ஒடிந்து தொங்கியது, உதிர்ந்த கொம்பு பொறுக்கப் போனபோது பார்த்தேன். அதே உயரத்தில் வேறொரு கிளையை வளைத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.