கொரோனில் பெட்டி: 545 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லி, ஆயுர்வேத நிறுவனமான பதஞ்சலி 2020 ஜூன் 23 அன்று ஹரித்வாரில் அறிமுகப்படுத்திய கொரோனில் பெட்டியில் மூன்று பொருள்கள் இருந்தன: சீந்தில், அமுக்கரா, துளசி சேர்ந்த கொரோனில் மாத்திரை; ஸ்வாசாரி மாத்திரை; மூக்கில் விடுவதற்கான அணு தைலம். சளிக்கு வீட்டிலேயே கஷாயம் வைப்பவர்களுக்கு இந்த மூலிகைகள் புதியவை அல்ல.

பெட்டியை விற்றது மூலிகையல்ல, மூன்று நாளில் 69 சதவீதத்தினரும் ஏழு நாளில் அனைவரும் குணமடைந்தார்கள் என்று பதஞ்சலியின் முகமான யோகா குரு பாபா ராம்தேவ் அறிமுக மேடையில் சொன்ன கணக்குதான். அன்றே, பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஆய்வு விவரங்களைக் கேட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றுக்கென்றே உரிமம் வழங்கப்பட்டதாகவும், விண்ணப்பத்தில் கொரோனா என்ற பேச்சே இல்லை என்றும் உத்தராகண்ட் அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

ஆய்வு ஜெய்ப்பூரில் ஒரே மருத்துவமனையில் நடந்தது. முடிவு வெளியானது 95 பேரைப் பற்றி. ஏழாம் நாளில் மருந்து பெற்ற 45 பேருக்கும் தொற்று நீங்கியிருந்தது. ஒப்பீட்டுக்காக மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து (பிளசிபோ) பெற்ற 50 பேரில் 60 சதவீதத்தினருக்கு நீங்கியிருந்தது. வேறுபாடு சிறியதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; ஆனால் மூச்சுத்திணறி ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களை இம்மருந்து காப்பாற்றுமா என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல இயலாது. இன்னும் பல ஊர்களில், இன்னும் பலரிடம் சோதித்திருக்க வேண்டிய நேரத்தில் அரசியல் மேடைதான் போடப்பட்டது.

2021 பிப்ரவரியில் நடந்த மறு அறிமுகத்தில், தாமே மருத்துவரான அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் அமர்ந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்ததாகப் பேச்சு பரவ, கொரோனாவுக்கான எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் தான் சான்றளிக்கவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. அமைச்சரிடம் இந்திய மருத்துவச் சங்கம் விளக்கம் கேட்டது. உரிய சான்றின்றி விற்க விடமாட்டோம் என்றது மகாராஷ்டிர அரசு. பாஜக ஆண்ட ஹரியாணாவோ மே மாதம் ஒரு லட்சம் பெட்டிகளை நோயாளிகளுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்து, செலவில் பாதியைத் தானே ஏற்றது. இரு அரசுகளின் முன்னும் இருந்தது அதே 95 பேரின் கணக்குதான்!

கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற பேச்சுகளை நீக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. சீந்திலும் துளசியும் வேண்டுவோர் நாட்டு மருந்துக் கடைக்கே போகலாம். கொரோனாவுக்கென்று இந்தப் பெட்டியை வாங்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.