பள்ளமா, மேடா, உரப்பையா: வன்னி வளவில் எது எப்போது தாங்கும்?

ஆடி மாதத்தில் எவ்வளவு இறைத்தாலும் பின்னேரம் வெடித்துக் கிடக்கிற செம்மண், கார்த்திகையில் மூன்று நாள் மழை பெய்தால் மண்வெட்டி வைக்க முடியாத சேறாகிவிடும். வளவில் கறிக்குக் காய் பறிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே பாத்தியில் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தோட்டம் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். நிலத்தைவிடத் தாழ்ந்த பள்ளப்பாத்தி, உயர்த்திய மேட்டுப்பாத்தி, மண் நிரப்பிய உரப்பை என்ற மூன்று முறைகளும் நல்லவைதான். ஆனால் மூன்றும் ஒரே காலத்துக்கு உரியவை அல்ல.

சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை பள்ளப்பாத்திக்கு ஈடு கிடையாது. அதன் கணக்கு எளிது. காற்றும் வெயிலும் கடுமையான நாளில் பாத்தியிலிருந்து ஐந்து ஆறு மில்லிமீற்றர் நீர் போகும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். ஆகவே 4 அடி அகலம், 10 அடி நீளமுள்ள பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லீற்றர், அதாவது இரண்டு வாளி வேண்டும். அதில் இரண்டடி இடைவெளியில் பத்துக் கத்தரி நிற்கும். அதே பத்துக் கத்தரியைப் பத்து உரப்பைகளில் வைத்தாலும் நாளுக்கு 20 முதல் 30 லீற்றர் ஊற்ற வேண்டிவரும். மொத்தத் தண்ணீரில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். வித்தியாசம் தவறவிடும் நாளில்தான் தெரியும். பாத்தியில் ஒவ்வொரு செடிக்கும் நூறு லீற்றருக்கு மேல் மண் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை 60 லீற்றர் நிறைய விட்டாலும் செடி தாங்கும். பாதியாக வெட்டிய 50 கிலோ உரப்பையில் இருப்பது 25, 30 லீற்றர் மண். அது செடிக்குப் பிடித்து வைத்துக் கொடுக்கும் நீர் நாலைந்து லீற்றர்தான். வளர்ந்த கத்தரி அதில் பாதியை ஒரே நாளில் குடித்துவிடும். கிணற்றில் ஊற்று மெதுவாக வரும் ஆவணியில், வீட்டில் ஒருநாள் யாரும் இல்லாவிட்டால், பைச்செடி மறுநாள் மத்தியானமே தலைசாய்ந்துவிடும்.

பள்ளப்பாத்தி போடும்போது மேல்மண்ணை அரை அடிக்கு எடுத்து ஒரு பக்கமாகக் குவியுங்கள். அதன் கீழுள்ள இறுகிய மண்ணை அலவாங்கால் இன்னும் அரை அடிக்கு நெகிழ்த்துங்கள், வெளியே எடுக்க வேண்டாம். காய்ந்த மண்ணில் அலவாங்கு இறங்காது. முதல்நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு ஊறவிட வேண்டும். எடுத்த மேல்மண்ணில் பாதியை, சதுர மீற்றருக்கு ஒரு வாளி மக்கிய மாட்டெருவுடன் கலந்து திரும்பப் போட்டால், பாத்தி சுற்றுநிலத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கும். மீதி மண்ணைத் தென்மேற்குப் பக்கம் வரம்பாக அணையுங்கள். சோளகம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நாற்று சிறிதாக இருக்கையில் அந்த ஓரடி வரம்பே பெரிய மறைப்பு. மூடாக்கு அவசியம். ஆனால் வன்னி மண்ணில் காய்ந்த வைக்கோலும் தும்பும் கறையானைக் கூப்பிடும். பச்சைக் கிளிசரியா மர இலையைப் போட்டு வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும். கறையான் முதலில் பிடிப்பது வாடிய தண்டை. தண்ணீர் தவறாத செடியை அவ்வளவு தொடாது.

பள்ளப்பாத்தி கெடுவது புரட்டாதிக் கடைசியில், ஐப்பசியில் வரும் இடிமழைகளில். ஒரு பின்னேரம் 50 மில்லிமீற்றர் பெய்தால் பாத்தி குளமாகும். நீர் நிற்கும் மண்ணில் காற்றில்லை, வேர் மூச்சடைக்கும். மிளகாயும் கத்தரியும் இரண்டு நாள் நீருக்குள் நின்றால் வெயில் வந்ததும் வாடும். வாடுவதைக் கண்டு பலர் மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதோடு வேர் முழுதும் அழுகும். இலை வாடியிருக்கையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் செடி கேட்பது தண்ணீரல்ல, வடிகால்.

ஆகவே ஆவணி கழிவதற்குள் மாற்றத்துக்கு ஆயத்தமாக வேண்டும். வரம்பு மண்ணை உள்ளே இழுத்து, பாத்திக்குப் பாத்தி ஒன்றரை அடி அகலமான வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையும் மேலே ஏற்றினால் ஓரடி உயர மேட்டுப்பாத்தி வந்துவிடும். வாய்க்கால் நிலச்சரிவின் போக்கில் போய் வளவுக்கு வெளியே வடிய வேண்டும். குறுக்காக வெட்டியது வடிகால் ஆகாது, தொட்டியாகத்தான் நிற்கும். மேட்டின் அகலம் நாலு அடியைத் தாண்டக்கூடாது, இரு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். ஓரங்களைப் பனங்குற்றி, தென்னங்குற்றி, உடைந்த செங்கல் எதனாலும் அணைக்கலாம். அணைக்காத செம்மண் மேடு முதல் பெருமழையிலேயே பாதி கரையும்.

மாரியில் மேட்டின் குறை வேறு. நீர் வேகமாக வடிவதால் உரச்சத்தும் கூடவே இறங்கிப்போகும். கார்த்திகையில் இலை வெளிறுவது பெரும்பாலும் அதனால்தான். எருவை ஒரேயடியாகப் போடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நத்தை பெருகும் காலமும் இதுதான். பொழுதுபட்டபின் ரோச் லைற்றுடன் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி இல்லை. நத்தையைத் தடுக்கத் தூவும் சாம்பல் மழையில் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

மேட்டுப்பாத்தியைக் கோடையிலும் அப்படியே வைத்திருக்கலாம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வைத்தால் அதன் ஓரங்கள் நாற்புறமும் காற்றுக்குக் காய்ந்து, இறைக்கும் நீர் வாய்க்காலில்தான் சேரும். குழாய்க்கிணறும் மோட்டரும் தாராளமாக உள்ளவருக்குச் சரி. வாளியால் அள்ளுபவருக்குச் சரிவராது.

உரப்பைக்கு இடமே இல்லையா? மூன்று வேலைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. முதலாவது நாற்று. மாரிக்கான மிளகாய் நாற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். ஆவணிக் கடைசியில் பையில் விதைத்துக் கிடுகு நிழலில் வைத்தால் மேடு தயாராகும்போது நாற்றும் தயார். இரண்டாவது, வெள்ளம் ஏறும் தாழ்ந்த வளவுகள். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஏறியதுபோன்ற வெள்ளத்துக்கு ஓரடி மேடு போதாது. பையைத் திண்ணைக்கு ஏற்றிவிடலாம். மூன்றாவது, இஞ்சி, மஞ்சள்போல நிழல் கேட்பவை.

பை கட்டுவதில் கவனிக்க வேண்டியவை: யூரியா ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீரில் கழுவுங்கள். கலவை மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை ஊறவைத்துப் பிழிந்து சாயத்தண்ணீரை ஊற்றிய பிறகே கலக்க வேண்டும். கோடைக்கு என்றால் துளைகளை அடியில் இடாமல் பக்கத்தில் இரண்டு அங்குல உயரத்தில் இடுங்கள், அடியில் கொஞ்சம் நீர் தங்கும். மாரிக்கு அடியிலும் துளை வேண்டும். கல்லின்மேல் வைத்தால் நீர் வடியும், கறையானும் எளிதில் ஏறாது. பூநகரிபோல உவர்நீர் உள்ள இடங்களில் பை விரைவில் கெடும். மண்ணின்மேல் வெள்ளைப் படலம் கண்டால் நல்ல நீரால், முடிந்தால் மழைநீரால், அடியில் வழியும்வரை ஊற்றிக் கழுவுங்கள். வெயிலில் கிடந்த பை ஒரு வருடத்துக்குள் நார்நாராக உதிரும். உதிருமுன் மாற்றாவிட்டால் அத்தனையும் மண்ணோடு கலந்துவிடும்.

கோடையில் தண்ணீர் விடும் முறையிலும் ஒரு போட்டி இருக்கிறது. துளையிட்ட பிளாஸ்டிக் போத்தல் செலவில்லாதது, ஆனால் செம்மண் களி துளையை ஒரு வாரத்தில் அடைத்துவிடும். கழுத்துவரை புதைத்த மண்முட்டி அதைவிட நம்பகமானது. ஐந்து லீற்றர் முட்டியைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் மூன்று நாலு செடி வைத்து, வாயை மூடி, நீர் குறையக் குறைய நிரப்பினால் போதும். வர்ணம் பூசாத முட்டியாக வாங்குங்கள். இரவு நீர் நிரப்பி வைத்து, காலையில் வெளிப்புறம் குளிர்ந்து ஈரமாக இருந்தால் அது கசியும். இறுக்கமாகச் சுட்டது காய்ந்தே கிடக்கும், பயனில்லை. சவர்க்காரத் தூள் கலந்த உடுப்புத் தண்ணீரை முட்டிக்கும் கீரைக்கும் விடாதீர்கள். அதிலுள்ள உப்பு செம்மண்ணை இறுக்கும். வாழைக்கடியில் இடம்மாற்றி மாற்றி ஊற்றலாம்.

பயிர்த் தெரிவும் இதனோடு சேர்ந்தது. கோடைப் பள்ளத்துக்கு வெண்டி, பயற்றை, பசளி, கத்தரி. முளைக்கீரை ஒரு மாதத்தில் பறிக்கக் கிடைக்கும். தக்காளியைக் கோடையில் வைக்காதீர்கள். இரவிலும் வெக்கை தணியாத நாட்களில் பூ உதிரும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் காய் பிடிக்காது. அதை மாரி மேட்டில், மிளகாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். வத்தாளைக்கிழங்குக்கும் (சர்க்கரைவள்ளி) மேடுதான். மரவள்ளியைப் பள்ளத்தில் ஊன்றினால் மாரியில் கிழங்கு அழுகும். கங்குன் கீரையும் பொன்னாங்காணியும் மட்டும் விதிவிலக்கு. குசினித் தண்ணீர் வடியும் பக்கத்தில் ஒரு பள்ளப்பாத்தியை மாரியிலும் மூடாமல் விட்டால், மற்றப் பாத்திகள் நனைந்து சோர்ந்திருக்கும் மார்கழியிலும் அந்த இரண்டும் தழைத்து நிற்கும்.