குளத்தங்கரையில் காகித நுண்ணோக்கி: ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா?

சுற்றுச்சூழல் கல்வியாளராகப் பயிலும் முதுகலை மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகளைக் குளத்துக்கும் கண்மாய்க்கும் அழைத்துப் போகத் தொடங்கும்போது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா? வாங்கலாம். களத்துக்கு இதைவிட இலேசான நுண்ணோக்கி கிடைப்பது அரிது. ஆனால் வாங்கிய மறுநாளே பிள்ளைகள் கையில் கொடுத்தால் அன்றைய வகுப்பு வீணாகும். கருவியில் குறை என்று இதைச் சொல்லவில்லை. அது எப்போது ஏமாற்றும் என்பதைக் கொடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய கருவி இது. 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உதிரிகளின் அடக்கவிலை ஒரு டாலருக்கும் குறைவு என்று அதில் சொன்னார்கள். கடையில் நாம் கொடுக்கும் விலை அதுவல்ல, பெட்டியும் துணைப்பொருளும் அனுப்பும் செலவும் சேர்ந்துவிடும். 2015இல் ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பிரகாஷ் ஆய்வகத்துடன் ஒப்பந்தம் செய்ததால் இந்தியக் கல்லூரிகள் பலவற்றுக்கு இது அறிமுகம். உங்கள் துறை அலமாரியிலேயே பிரிக்காத பெட்டி இருக்கலாம். புதிதாக வாங்கும் முன் ஆய்வகப் பொறுப்பாளரைக் கேட்டுவிடுங்கள்.

தண்ணீருக்கும் கிழிசலுக்கும் தாங்கும் தாளில் அச்சடித்த துண்டுகளைப் பிய்த்து, மடித்து, செருகினால் கருவி தயார். லென்ஸ் ஒரு சின்னக் கண்ணாடி உருண்டை, குறுக்களவு சுமார் 2.4 மி.மீ. உருப்பெருக்கம் 140 மடங்கு. 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். இந்த 140 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் களத்தில் வரும் தொல்லைகளில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை 1.52 என்று வைத்தால் இந்த உருண்டையின் குவியத் தொலைவு சுமார் 1.75 மி.மீ. தெளிவாகப் பார்க்கும் தொலைவான 250 மி.மீ.-ஐ அதால் வகுத்தால் 140 சொச்சம். குவியத் தொலைவை உருண்டையின் மையத்திலிருந்து அளக்கிறோம். ஆரமான 1.2 மி.மீ.-ஐக் கழித்தால், லென்ஸின் பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சுவது அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்.

அந்த அரை மில்லிமீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஸ்லைடின் தடிமன் 1 மி.மீ. அதைத் தலைகீழாகச் செருகினால், அதாவது சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடி வில்லையான கவர் ஸ்லிப் லென்ஸுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டால், எவ்வளவு தள்ளி இழுத்தாலும் குவியம் கிடைக்காது. "எனக்கு மட்டும் ஒண்ணுமே தெரியலை" என்று பிள்ளை சொன்னால் முதலில் ஸ்லைடைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். கவர் ஸ்லிப் போடாத சொட்டு மேடாக நிற்கும், லென்ஸில் பட்டு ஒட்டும், அடுத்த ஐந்து நிமிடம் எல்லாமே மங்கலாகத் தெரியும். ஓர் இலையை அப்படியே வைத்தாலும் வேலைக்கு ஆகாது, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தோலை உரித்துத்தான் வைக்க வேண்டும்.

மடிப்பதற்கு, பழகிய கைக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல்முறை மடிக்கும் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் வகுப்பறையில், முந்தின நாளே. கரையில் உட்கார்ந்து மடிக்க வைக்காதீர்கள். காற்றில் துண்டுகள் பறக்கும், ஈரக் கை பட்டு ஸ்டிக்கர் பிடிக்காது. மடிப்புக் கோட்டை நகத்தால் இருமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடுக்குகள் உப்பிக்கொண்டு நிற்கும், குவியத்துக்கான சரிவுப் பட்டை பாதியில் சிக்கும். சிக்கியதும் பிள்ளைகள் பலமாக இழுப்பார்கள், செருகு நாக்கு கிழிந்துவிடும். தாள் கிழியாத வகைதான், ஆனால் ஏற்கெனவே வெட்டுப்பட்ட மூலையில் இழுத்தால் எந்தத் தாளும் பிரியும். அதனால் மடித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் நீங்களே ஒருமுறை முழுத் தூரமும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

குளத்து நீரை எடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. நடுநீரை மொண்டு வந்தால் ஸ்லைடில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். ஹைட்ரில்லா போன்ற நீருக்குள் கிடக்கும் செடியை ஒரு கைப்பிடி எடுத்து, அகன்ற வாய் பாட்டிலுக்குள் பிழிந்துவிடுங்கள். தண்டிலும் இலையிலும் ஒட்டியிருக்கும் உயிர்கள் எல்லாம் அதில் இறங்கிவிடும். பாட்டிலைப் பாதிக்குமேல் நிரப்பாமல், மூடியைத் தளர்த்தி, நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். சிறுசொட்டு ஒன்று போதும். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைச் சாய்வாக ஊன்றி, ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள், ஓரத்தில் கசியும் நீரை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிர் ஓடி ஒளிந்துகொண்டே இருந்தால் சொட்டுக்குள் நாலைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு மூடுங்கள். இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மெதுவாகத் திரியும்.

வெளிச்சத்துக்கு வெண்மேகம் போதும், வெள்ளைச் சுவரும் நன்றாக இருக்கும். மர நிழலில் நின்று இலைகளை நோக்கிப் பிடித்தால் வருகிற ஒளியே பச்சையாக இருக்கும், ஸ்லைடில் இருப்பதெல்லாம் பாசி என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் கெட்டுவிடும். இதை அமர்வு தொடங்கும் முன் சொல்லுங்கள், ஸ்லைடு கொடுக்கும்போது மறுபடி சொல்லுங்கள், பிள்ளைகள் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும்படி வரிசையையும் அமையுங்கள். கண்ணைக் கிட்டத்தட்ட லென்ஸில் ஒட்ட வைத்தால்தான் காட்சி விரியும் என்பதால், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியத்தை நகர்த்தினால் சரியாகிவிடும். மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் ஒரே கருவியைக் கண் மாற்றிக் கண் வைப்பது வேண்டாம். அப்போது ஆளுக்கொன்று கொடுங்கள், முடியாவிட்டால் செல்போனில் மட்டும் காட்டுங்கள்.

பயிலும் ஆசிரியர்கள் சறுக்குவது கருவியைக் கையாளுவதில் இல்லை, அதைக் கொடுத்த பிறகு. கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடியில் எறும்பைக் காட்டும்போது நீங்களும் பிள்ளையும் ஒரே எறும்பைத்தான் பார்க்கிறீர்கள். ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்ப்பது ஒரே ஒரு கண். பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா."

இதோடு நிறுத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோம். இன்னொரு கேள்வி கேளுங்கள்.

"எப்படி இருக்கு?"

"வட்டமா இருக்கு, சுத்தி கறுப்பா இருக்கு."

அது காற்றுக்குமிழி. கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் வெறும் வெளிச்சம். கவர் ஸ்லிப்பை அவசரமாகப் போட்டதால் வந்தது. "கோடு கோடா ஆடுது" என்றால் அது அவர்களுடைய இமைமயிர். "பூச்சி மாதிரி ஒண்ணு மிதந்து போகுது" என்பதில்தான் நாமே ஏமாறுவோம். இந்த லென்ஸிலிருந்து கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றை மிக மெல்லியது. அதில் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் துணுக்குகளின் நிழல் விழித்திரையில் தெளிவாக விழும், கண்ணை உருட்டினால் அதுவும் ஓடும். பிள்ளை பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ஒன்றைப் பார்க்கிறது. சோதிக்க வழி எளிது: கருவியையும் கண்ணையும் அசைக்காமல் ஸ்லைடை மட்டும் இம்மியளவு தள்ளச் சொல்லுங்கள். ஸ்லைடோடு நகர்ந்தால் பொருள் ஸ்லைடில் இருக்கிறது. நகராமல் நின்றால் லென்ஸில் தூசி. ஸ்லைடு எப்படியிருந்தாலும் தன் போக்கில் மிதந்தால் கண்ணில் இருப்பது. இந்த மூன்றையும் பிள்ளையே பிரித்தறியப் பழகிவிட்டால் அந்த அமர்வு வெற்றி. பாரமீசியத்தைப் பார்க்காமலே போனாலும் சரி.

எதைக் காட்டலாம் என்றால், ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியின் சுருள் பசுங்கணிகம் முதல் நாளுக்கு உகந்தது. இழை அசையாது, பச்சைச் சுருள் தெளிவாகத் தெரியும். உருண்டையாகத் திரளும் வால்வாக்ஸ் பாசி கிடைத்தால் பிள்ளைகள் கருவியைத் திருப்பித் தரமாட்டார்கள். செம்பருத்தி மகரந்தம் முள் உருண்டையாகத் தெரியும், அதற்குத் தண்ணீரே தேவையில்லை, ஒளிபுகும் செலோடேப்பில் தொட்டு ஒட்டினால் போதும். பருத்தி நூலையும் பாலியெஸ்டர் நூலையும் பிரித்து அருகருகே வையுங்கள்: பருத்தி இழை முறுக்கிய நாடா போல இருக்கும், பாலியெஸ்டர் வழுவழுப்பான குச்சி போல. நெகிழி இழை தண்ணீரில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. டாஃப்னியா (நீர்த்தெள்ளு) போன்ற நீருயிர்கள் இதற்குப் பெரியவை. கவர் ஸ்லிப்புக்கு அடியில் நசுங்கும், காட்சிக்குள் முழுதாக அடங்காது. அவற்றை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். காட்சியின் ஓரம் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். உருண்டை லென்ஸின் இயல்பு அது, நடுப்பகுதியை மட்டும் நம்புங்கள்.

காட்டக்கூடாத ஒன்றும் உண்டு: "இந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா" என்பதற்கான விடை. நோய் உண்டாக்கும் பாக்டீரியாவை 2 மைக்ரான் பிரிதிறனில் அடையாளம் காண முடியாது. ஸ்லைடு வெறுமையாக இருந்தால் குடிக்கலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், உயிர்கள் நெளிந்தால் சாக்கடை என்பார்கள். இரண்டுமே தவறு. உயிர்கள் நிறைந்த குளம் பல சமயம் நலமான குளம். முதுகலை மாணவர்கள் தங்கள் பயிற்சிக்காக வேண்டுமானால் நீரில் எந்தப் பாசிகள் இருக்கின்றன என்பதை வைத்துக் கரிமக் கழிவை மதிப்பிட 1969இல் பால்மர் வகுத்த பாசிக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். யூக்ளினாவுக்கும் ஆஸில்லடோரியாவுக்கும் 5, சீனிடெஸ்மஸுக்கு 4 என்று பேரினத்துக்கு ஒரு மதிப்பெண். கூட்டுத்தொகை 20 அல்லது அதற்குமேல் வந்தால் கரிமக் கழிவு மிகுதி என்று கொள்ளலாம். இந்த உருப்பெருக்கத்தில் சிறிய பேரினங்களில் தடுமாற்றம் வரும், ஐயமானவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் 400 மடங்கில் உறுதிசெய்யுங்கள். ஏழாம் வகுப்புக்கு இது வேண்டாம்.

செல்போனோடு இணைக்கக் காந்த வளையம் இருக்கிறது. ஒன்றுக்கும் மேற்பட்ட கேமரா உள்ள போன்களில் எந்தக் கேமராமேல் வளையத்தை ஒட்டுவது என்று முதலிலேயே கண்டுபிடித்துவிடுங்கள், முதன்மைக் கேமராதான் சரிவரும். ஜூம் செய்யும்போது போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவினால் திரை கறுப்பாகிவிடும், அதனால் அளவாக ஜூம் செய்து, திரையில் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு ஒரே நேரத்தில் காட்டவும் பிள்ளை பார்த்ததைச் சரிபார்க்கவும் இது கைகொடுக்கும். ஆனால் அமர்வின் கடைசிக் கால்மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். திரை வந்துவிட்டால் யாரும் கருவியைக் கண்ணில் வைப்பதில்லை.

தாள் நனைந்தால் கெடாது, ஆனால் அடுக்குகளுக்கு இடையே நீர் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரிவுப் பட்டை நகராது. ஸ்லைடு செருகும் பகுதியைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்க விடாதீர்கள், சுத்தமான நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றினால் போதும்.

தகரப் பெட்டியில் இடுக்கி, பிப்பெட், விளக்கு எல்லாம் வரும் தனிநபர் தொகுப்பு பார்க்க அழகு. ஆனால் அதிலுள்ளவற்றில் பலவும் ஊரிலேயே சில்லறை விலையில் கிடைக்கும். 20 கருவிகள் கொண்ட வகுப்பறைப் பெட்டியை நான்கு மாணவர்கள் சேர்ந்து வாங்குவது நல்லது. இருபது பிள்ளைகளுக்குப் பத்துக் கருவிகள் போதும், மிச்சம் கிழிந்தவற்றுக்கு ஈடாகும். அதற்கும் முன்னால் ஆளுக்கொரு 10 மடங்கு பூதக்கண்ணாடி வாங்கிவிடுங்கள், களத்தில் பத்துக்கு எட்டு கேள்விகளுக்கு அதுவே விடை தரும்.

இளநிலைப் படிப்புகளுக்காக யு.ஜி.சி. முன்பு வகுத்த ஆறுமாதச் சுற்றுச்சூழல் பாடத்தில் களப்பணிக்கு 25 மதிப்பெண் இருந்தது, குளம் போன்ற எளிய சூழல்மண்டலத்தை ஆய்வதும் அதில் அடங்கியிருந்தது. நாளை இதுபோன்ற வகுப்பை எடுக்கப்போகிறவர்கள் நீங்கள்தான். இருவருக்கு ஒரு கருவி கொடுத்து, ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் வரையட்டும். டம்ளர் விளிம்பை வைத்து நோட்டில் வட்டம் போட்டு, பார்த்ததை அந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ அப்படியே வரையச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். நோட்டுகளைக் கரையில் விரித்து வைத்தால், எந்த வட்டத்தில் குமிழி, எதில் இமைமயிர், எதில் ஸ்பைரோகைரா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குமிழி வரைந்த இருவரிடம் புது ஸ்லைடைக் கொடுத்து, இந்த முறை கவர் ஸ்லிப்பை அவர்களையே இறக்கச் சொல்லுங்கள்.