மழையிலும் எரியும் என்று விற்றார்கள், வெயிலில்கூட எரியவில்லை

கூடாரமடித்துத் தங்கக் கிளம்புகிறவர்கள் பையைக் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். "எந்த வானிலைக்கும் ஏற்றது" என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் ஒரு தீமூட்டும் தொகுப்பை வாங்கினேன். சீவி எடுத்துப் பற்றவைக்கும் மக்னீசியக் கட்டி, பொறி பறக்க உரசும் கம்பி, புயல் தீக்குச்சிகள், ஜெட் லைட்டர் என நான்கு பொருள்கள். பிரிக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனது என் முட்டாள்தனம்.

மலையில் மாலையே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேர். உடையெல்லாம் நனைந்து, விரல்கள் மரத்துப்போன நேரத்தில்தான் பெட்டியைத் திறந்தேன். லைட்டர் டிக் டிக் என்றதே தவிர எரியவில்லை. அதிலிருந்தது பியூட்டேன், சுமார் 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும் வாயு. குளிருக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

புயல் தீக்குச்சி என்றால் மருந்து பாதிக் குச்சி வரை தடிமனாகப் பூசப்பட்டிருக்கும். காற்றிலும் சில நொடிகள் சீறி எரியும். எனக்கு வந்தவை சாதாரணக் குச்சிகள்தாம், தலையில் மட்டும் பச்சை மெழுகுப் பூச்சு. அதையாவது உரசலாம் என்றால், பெட்டியின் உரசுபட்டை ஈரத்தில் கூழாகிவிட்டது. குச்சி நனையாமல் இருந்து என்ன பயன்? பற்றவைக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் அந்தப் பட்டையில்தானே இருக்கிறது!

கம்பி மட்டும் பொறி கக்கியது, அதுவும் கத்தியின் முதுகால் கறுப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகு. மக்னீசியச் சீவலைக் குவித்து அதன்மேல் பொறியைக் கொட்டினேன். கண் கூசும் வெள்ளைச் சுடருக்காகக் காத்திருந்தால், சீவல் லேசாக மினுங்கியதோடு சரி. ஒரு மணி நேரம் போராடினேன். கூடாரத்துக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்துக் காயலாமா என்று கேட்டார் ஒருவர். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்று தடுத்தோம். கடைசியில் காப்பாற்றியது நண்பர் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்த மலிவு லைட்டரும், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டுகளும்தான். நாறினாலும் ஈரத்திலேயே எரிந்தன. நிமிர்ந்து நின்ற பட்டமரத்தின் கிளையைப் பிளந்து, உள்ளே காய்ந்திருந்த பகுதியைச் சீவி அதில் வைத்தோம்.

வீடு திரும்பியதும் வெயிலில் அதே சீவலைப் பற்றவைத்துப் பார்த்தேன், அப்போதும் எரியவில்லை. சந்தேகம் வந்து கட்டியை அளந்தேன்: நீளம் 7.5 செ.மீ., அகலம் 2.5, தடிமன் 1. மக்னீசியமாக இருந்தால் சுமார் 33 கிராம்தான் இருக்க வேண்டும். தராசு 50 காட்டியது. அலுமினியத்தின் கணக்கு அது. வினிகரில் ஒரு சிட்டிகைச் சீவலைப் போட்டேன். மக்னீசியம் பொங்கி நுரைத்திருக்கும். இது அடியில் போய் அசையாமல் படுத்துக்கொண்டது. தராசு இல்லாதவர்களுக்கு இந்த வினிகர் சோதனையே போதும், வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

இப்போது என் பையில் இருப்பவை: தடித்த உரசும் கம்பி ஒன்று, பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சு உருண்டைகள் (ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் எரியும்), சாதாரண லைட்டர் இரண்டு. அவற்றில் ஒன்று எப்போதும் சட்டைக்குள். தீக்குச்சியும் பட்டையும் நீர் புகாத டப்பாவில். எல்லாவற்றையும் கொல்லையில் ஒருமுறை ஈரக் கையோடு பற்றவைத்துப் பார்த்த பிறகே கட்டினேன்.

விற்றவருக்கு எழுதினேன். எனக்குத்தான் சீவத் தெரியவில்லை என்று முதலில் பதில் வந்தது. எடை கணக்கை அனுப்பியதும் குரல் மாறி, என் விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். நீக்கவில்லை. போன வாரம் பார்த்தபோது அந்தப் பக்கத்தையே காணோம். அதே படம், அதே ஆரஞ்சுக் கயிறு, வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது.