பென்சில் கோட்டை நூலாக்குவது: பேனா, பவுடர், கரையும் தாள் பற்றி என் அனுபவம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பென்சிலில் வரைவதும், வரைந்ததைத் துணியில் தைப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். படுத்திருக்கும் யானையின் வெளிக்கோட்டை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். பாறையில் மழைத் தண்ணீர் வழிந்து கறுத்த தாரைகளும், பென்சிலைச் சாய்த்துத் தேய்த்த நிழலும்தான் படுத்தும். கையின் அழுத்தம் துணிக்கு வந்து சேர்கிறதா? ஒரு பொருள் தேறுமா தேறாதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

முதலில் படத்தைத் துணியில் இறக்க வேண்டும். ஆரி (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) வகுப்பில் சொல்லித்தருவது போல, டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைத்துப் பஞ்சால் தேய்க்கலாம். அடர்நிறத் துணிக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எல்லாக் கோடும் ஒரே கனத்தில் புள்ளி புள்ளியாக இறங்கும். மாங்காய் டிசைனுக்குச் சரி, ஸ்கெட்சுக்குப் போதாது.

சூட்டில் மறையும் பேனா வசதியானது. 60 டிகிரி வாக்கில் மை நிறமிழந்துவிடும். ஆனால் துணியை விட்டுப் போவதில்லை, உறைகுளிரில் திரும்பத் தெரியும். மதுரையில் அந்தக் கவலை இல்லை, கனடாவில் இருக்கும் அத்தைக்கு அனுப்புவதென்றால் யோசியுங்கள். தண்ணீரில் அழியும் நீலப் பேனா என்றால், அலசுவதற்கு முன் இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் நீலம் துணியிலேயே தங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது தண்ணீரில் கரையும் ஒட்டுத்தாள். வரைந்த தாளைத் துணியில் ஒட்டி, மேலேயே தைத்து, பிறகு தண்ணீரில் கரைத்துவிட வேண்டியதுதான். அதிலேயே நேராக வரையலாம் என்பதால் மெல்லிய கோடு மெல்லியதாகவும் அழுத்திய கோடு தடிப்பாகவும் அப்படியே நிற்கிறது. விலை அதிகம், ஊசியில் பசை ஏறும், அவ்வப்போது துடைக்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நூல். ஆங்கர், டிஎம்சி இரண்டுமே 6 இழை, 8 மீட்டர் கண்டு. பென்சிலின் அழுத்தத்தை நான் இழையின் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்கிறேன். பட்டும் படாமலும் போன கோட்டுக்கு 1 இழையில் பேக் ஸ்டிச் (பின்னோக்கிக் குத்தி இடைவெளியில்லாமல் போகும் தையல்), அழுத்திய கோட்டுக்கு 3 இழையில் ஸ்டெம் ஸ்டிச் (கயிறு முறுக்கிய மாதிரி தெரியும் தையல்). தாரைகளுக்குச் செயின் ஸ்டிச், அதாவது சங்கிலித் தையல், எடுப்பாக இருக்கிறது. இழைகளை மொத்தமாகப் பிரித்தால் சிக்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் மேலே உருவினால் மற்றவை சுருண்டு இறங்கி, பிறகு தானே நேராகிவிடும்.

தேய்த்த நிழலுக்குச் சீட் ஸ்டிச்தான். அரிசியில் பாதி நீளத்துக்குக் குட்டித் தையல்கள், ஒன்று போன திசையில் அடுத்தது போகக்கூடாது. இருட்டான இடத்தில் நெருக்கி, வெளிச்சம் வரவர விலக்கிக்கொண்டே போனால் கரி தேய்த்த மாதிரியே மங்கும். வரிசை கட்டிவிட்டால் கெட்டது, பாறை பாய் ஆகிவிடும். மெல்லிய வெள்ளை மல் துணியில் பின்பக்கம் ஓடும் கறுப்பு நூல் முன்னால் நிழலாடும் என்பதால், கொஞ்சம் கனத்த காடாவே நல்லது.

சுங்குடியிலும், அதாவது புள்ளி புள்ளியாக இருக்கும் மதுரைப் பருத்தித் துணியிலும் தைக்கிறேன். கையால் முடிச்சுப் போட்டு எடுத்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. பக்கத்தில் பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு) போட்டால் அழகாகச் சேர்ந்துகொள்ளும். அச்சடித்த சுங்குடியில் அது ஒட்டாமல் நிற்கிறது. எதுவானாலும் முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் அந்தத் துணிக்கு ஒட்டுத்தாள் வேண்டாம். தாள் கரைய ஊறவைக்கும் நேரத்தில் வெள்ளை நூலில் சிவப்பு ஏறிவிடும்.

நூலும், துணியை இழுத்துப் பிடிக்கும் ரிங்கும் வாங்க, மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் விசாரிக்கலாம். மர ரிங்கே வாங்குங்கள், உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிக்கொண்டால் துணி நழுவாது.