மீட்டரே வைக்காமல் ‘போர்டு போய்விட்டது’ என்றார்: குளச்சல், திங்கள்நகர் பக்கத்தவர்கள் கவனிக்கவும்

குளச்சல், மணவாளக்குறிச்சி, திங்கள்நகர் வட்டாரத்தில் வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். 7,850 ரூபாயையும், மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையான பழுதில்லாத ஒரு போர்டையும் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு குளச்சலில், கடலிரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பாவது துவைத்தாக வேண்டும். ஐப்பசி மழையில் கையால் பிழிந்து போட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அப்படி ஒரு வாரத்தில்தான், முன்பக்கம் கதவுள்ள எங்கள் மெஷின் துவைத்து முடித்த தண்ணீரை வெளியே தள்ளாமல் நின்றுவிட்டது. முகப்பில் ஒரு பிழைக் குறியீடு விட்டுவிட்டு மின்னியது. கண்ணாடிக்குப் பின்னால் விரிப்பு அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கதவும் திறக்கவில்லை.

அவசரத்தில், நிறுவனத்தின் பெயரோடு நாகர்கோவில் சர்வீஸ் என்று செல்போனில் தேடி, மேலே வந்த முதல் எண்ணை அழைத்தேன். யாரோ காசு கட்டிப் போட்ட விளம்பரம் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேசிய பெண் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். புகார் எண் எதுவும் தரவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. அந்த இடத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒருவர் வந்தார். சுவிட்சைப் போட்டார், பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், குறியீட்டைப் பார்த்தார். “மேடம், போர்டு போய்விட்டது.” இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேல்மூடியைக் கழற்றவில்லை, மின்சாரத்தை அளக்கும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை. “பம்பில் ஏதாவது அடைத்திருக்குமா?” என்று கேட்டேன். “இந்தக் குறியீடு வந்தாலே போர்டுதான். இப்படியே ஓட்டினால் மோட்டாரும் எரிந்துவிடும்” என்றார். மோட்டார் என்றதும் பயந்துவிட்டேன். சரி என்றேன்.

மதியத்துக்குள் வேறு போர்டு கொண்டுவந்து மாட்டினார். பழையதை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டார். பணம் அவருடைய சொந்த செல்போன் எண்ணுக்குப் போனது. கையில் கிடைத்தது ஒரு ரசீதுத் தாள். அதில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ‘போர்டு மாற்றம்’ என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டும்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதே குறியீடு, அதே அழுக்குத் தண்ணீர். அழைத்தால் “நாளை வருகிறேன்” என்றார். அதன் பிறகு எண் அணைந்தே கிடக்கிறது. மெஷினின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்த எண்ணை அன்றுதான் முதன்முறையாக அழைத்தேன். என் பெயரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்றார்கள்.

அடுத்த வீட்டு மைனி சொல்லித்தான் திங்கள்நகரிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒழுங்காகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

முதலில் மெஷினோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கினார். அந்தக் குறியீட்டுக்கு நேரே ‘நீர் வெளியேறவில்லை’ என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தது. போர்டு என்ற சொல்லே அங்கே இல்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, தண்ணீரைத் தட்டில் வடித்து, வடிகட்டியைத் திருகி எடுத்தார். ஒரு ஊக்கும் கொஞ்சம் நூல் திரளும் வந்தன. உள்ளே டார்ச் அடித்து, பம்பின் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றியது. பம்பின் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். மின்தடை நூற்று அறுபது ஓம் சொச்சம் காட்டியது. இந்த வகைப் பம்புக்கு நூறிலிருந்து இருநூறுக்குள் இருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது என்று பொருளாம்.

“பம்ப் செத்துப்போகவில்லை மக்களே. இனி அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்போம்.”

வயரை மாட்டி, நீர் வெளியேற்றும் கட்டத்தில் மெஷினை ஓடவிட்டு, பம்பின் முனையில் மீட்டரைப் பிடித்தார். ஒன்றுமில்லை. மேலே போர்டில் அதே வயர் கிளம்பும் இடத்தில் பிடித்தார். 230 வோல்ட் வந்துகொண்டிருந்தது. போர்டு தன் வேலையைச் செய்கிறது, அது அனுப்புகிற மின்சாரம் வழியில் எங்கோ நிற்கிறது.

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, வயர்களைப் போர்டில் செருகும் கனெக்டரைக் கழற்றி என் கண்ணருகே கொண்டுவந்தார். ஐந்து துளைகள். நான்கில் உலோகம் மின்னியது. ஐந்தாவதில் பச்சையாகக் களிம்பு. சிறு இடுக்கியால் அதைத் தொட்டார். உள்ளே இருந்த ‘பின்’ என்ற சின்ன உலோக முனை பொடிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. “கடல்காற்று” என்றார். போர்டைப் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள், அதற்குள் உப்பு அவ்வளவு எளிதில் போகாது. ஆனால் கனெக்டர் திறந்தே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், கடலைப் பார்த்த பின்வராந்தாவில் மெஷினை வைத்திருந்தால் செம்பு கலந்த உலோகம் எத்தனை காலம் தாங்கும்?

அப்படியென்றால் ஒன்பது நாள் எப்படி ஓடியது என்று கேட்டேன். போர்டு மாற்றுகிறவர் கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் செருகுவார். அந்த உரசலில் களிம்பு கொஞ்சம் சுரண்டப்பட்டுத் தொடுப்பு கிடைத்துவிடும். சில நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். பிடுங்கிச் செருகியதால் கிடைத்த ஒன்பது நாளைத்தான் நான் 7,850 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மாட்டியிருந்த போர்டையும் கழற்றிக் காட்டினார். ஒரு மூலையில் பசையைச் சூடாக்கித் தோண்டி எடுத்திருந்தது. அங்கே இரண்டு ஈயப் பற்றுகள் மட்டும் புதிதாகப் பளபளத்தன. அதன் ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண் எங்கள் மெஷினுடையதே இல்லை. வேறு யாரோ ஒருவர் வீட்டிலிருந்து போனதாகத்தான் இருக்க வேண்டும் என்றார். என்னிடமிருந்து போன நல்ல போர்டு இப்போது யார் வீட்டில் என்ன விலைக்கு மாட்டப்பட்டிருக்கிறதோ! பணம் போனதைவிட இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புதுப் பின் வைத்து அழுத்தி, மற்ற துளைகளையும் சுத்தம் செய்துகொடுத்தார். வாங்கியது 450 ரூபாய்.

போர்டு கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடி விழுந்த நாளில் உள்ளே ஒரு நீலநிற வட்டம் வெடித்திருக்கலாம். அது மின்னழுத்த உயர்வைத் தான் தாங்கிக்கொள்ளும் பாகம். ரிலே என்கிற சின்ன மின்சுவிட்ச் ஒட்டிப்போய்க் கருகிய வாடை வரலாம். பல்லி உள்ளே புகுந்து இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கலாம். ஆனால் பம்பையும், கதவுப் பூட்டையும், தண்ணீர் வால்வையும், நடுவில் ஓடும் வயரையும் அளந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்தான் போர்டின் மேல் பழி போட முடியும் என்கிறார் அண்ணாச்சி. நீங்களாகத் திறந்து அளக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகைப் போர்டுகளில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்வது வரை நம் வேலை. அதற்கு மேல், அளக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். “எதை அளந்தீர்கள், எவ்வளவு வந்தது?” என்று கேளுங்கள். பழைய போர்டை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இருபுறமும் படம் எடுத்துக்கொண்டு, ஸ்டிக்கர் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

செய்த வேலைக்கு முறைப்படி ரசீது தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கப் போகிறேன். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். போலி எண் மூலம் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்; தாமதித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

பொடிந்த பின்னை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இதே போன்ற முகவரியில்லாத ரசீது உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.