ஆஸ்பத்திரியால் வந்த பிறகு மூச்சு வாங்கல்: மூன்று பந்துக் கருவியும் ஓலை விசிறியும்

போன காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், வயலில் வந்த எலிக்காய்ச்சல் எனக்கு நுரையீரல் வரை இறங்கிவிட்டது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷினில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது, படலையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இப்போது பரந்தன் பக்கம் அடுத்த காலபோக உழவு தொடங்கிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் நான் பாவித்தவற்றைப் பற்றி, இதே நிலையில் வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக ஏறும். அதில் 600, 900, 1200 என்று போட்டிருப்பது, ஒரு செக்கனில் எத்தனை மில்லி லீற்றர் காற்று உள்ளே போகிறது என்ற வேகக் கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் ஏறும். ஆனால் நுரையீரலின் அடி வரை காற்றுப் போயிருக்காது. உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ மிஸ் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தா: "ஐயா, மூண்டு பந்தும் வேண்டாம். ஒண்டை மேல நிப்பாட்டி வையுங்கோ. தோள் உயரக்கூடாது, வயிறு முன்னுக்கு வரவேணும்." அப்படிச் செய்தபோதுதான் விலாவுக்குக் கீழே ஏதோ இளகுவது தெரிந்தது. படுத்தே கிடந்த நெஞ்சைத் திறக்க ஆரம்பக் கிழமைகளில் இது நல்ல சாமான். எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு இதன் தேவை குறைந்துவிட்டது என்பது என் அனுபவம். வாயில் வைக்கும் துண்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள், எங்கள் ஊர்ப் புழுதி லேசில் விடாது.

அடுத்தது விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானி. நன்றாக மூச்சு வாங்கும்போதும் எனக்கு 96 சதவீதம், அதாவது சாதாரண அளவு என்றே காட்டியது. மெஷின் பிழையோ என்று கிளினிக்கில் கேட்டேன். டொக்டர் என் தொடையைப் பிடித்துக் காட்டினார். படுக்கையில் கிடந்ததில் தசை கரைந்துவிட்டது. பலமில்லாத கால் அதே தூரம் நடக்கக் கூடுதல் மூச்சுக் கேட்கிறது என்றார். அந்த விளக்கத்தோடு என் பயம் பாதி போய்விட்டது. பயம் போனால் மூச்சும் கொஞ்சம் அடங்கும், இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரில் கை குளிர்ந்திருந்தால் இந்த மானி பிழையாகக் காட்டும், விரலைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 92க்கோ அதற்குக் கீழேயோ நின்றால், அல்லது நெஞ்சு நொந்தால், உதடு நீலம் பாய்ந்தால், பார்த்துக்கொண்டிருக்காமல் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடிக்கச் சொன்னார்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கைகொடுத்தது மூச்சை விடுகிற முறைதான். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, குப்பி விளக்கு அணையாமல் சுடர் மட்டும் சாய்கிற மாதிரி மெல்ல ஊதவேண்டும். இழுக்க இரண்டு எண்ணினால் விட நாலு. உள்ளே தேங்கிய காற்று வெளியேறினால்தானே புதுக் காற்றுக்கு இடம்? கிணற்றில் வாளியை இழுக்கிற அந்தக் கணத்தில் மூச்சை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வெளியில் போகும்போது சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டு போவேன். களைத்தால் ஹாண்டிலில் முழங்கை ஊன்றி முன்னுக்குச் சாய்ந்து நிற்பேன். கைகளை ஊன்ற இடம் கிடைத்தால் கழுத்து, நெஞ்சுத் தசைகள் மூச்சுக்கு உதவும்.

பனையோலை விசிறியையும் சொல்ல வேண்டும். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்றுப் பட்டால் திணறுகிற உணர்வு குறையும். பிரித்தானியாவில் இதற்கென்றே சின்னக் கைவிசிறி பாவிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஓலை விசிறிக்குக் கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். இரவு திடுக்கிட்டு எழும்பும் நேரங்களில் மனைவி பக்கத்திலிருந்து விசிறிவிடுவா.

ஆவி பிடித்தது மூக்கடைப்புக்கு நல்லது, மூச்சு வாங்கலுக்கு ஒன்றும் செய்யவில்லை. சோளகப் புழுதியும் குப்பை கொளுத்தும் புகையும்தான் பெரிய எதிரி. விறகடுப்பை வீட்டுக்குள்ளிருந்து வெளிக் கொட்டிலுக்கு மாற்றினோம், இருமல் நன்றாகக் குறைந்தது.

நடையைக் கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் வைத்து, மைல்கட்டை மைல்கட்டையாகக் கூட்டினேன். ஒருநாள் கூடிப்போனால் அடுத்த நாள் உடம்பு கேட்காது, அன்று குறைத்துக்கொள்வேன். இப்போது வரம்பில் நடந்து வயலைச் சுற்றி வருகிறேன். நெல் மூட்டை தூக்க இன்னும் ஏலாது, சூடடிப்புத் தூசிக்குள் நிற்கவும் டொக்டர் விடவில்லை. அடுத்த கிளினிக்கில் திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.